வட்டிக் கணிதத்தைப் பல்கலைக்கழகத்தில் படிப்பது எப்படி: மலையக மாணவருக்கு ஒரு வழிகாட்டி

உயர்தரத்தில் இணைந்த கணிதமோ வர்த்தகமோ படித்துவிட்டுப் பேராதனைக்கோ, பதுளையில் உள்ள ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்துக்கோ போகிறவர்கள் நிதிக் கணிதத்தில் முதலில் மிரளுவது சூத்திரங்களைப் பார்த்துத்தான். சூத்திரங்கள் பல இருந்தாலும் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் வேலை ஒன்றே. வெவ்வேறு திகதிகளில் கைமாறும் பணத்தை ஒரே திகதிக்குக் கொண்டுவந்து ஒப்பிட வேண்டும்.

அதனால் எந்தக் கணக்கையும் ஒரு கோட்டில் தொடங்குங்கள். இடமிருந்து வலமாகக் கோடு இழுத்து 0, 1, 2 என்று காலங்களைக் குறியுங்கள். வரும் பணம் கோட்டுக்கு மேலே, போகும் பணம் கீழே. ஓர் அலகு மாதமா, அரையாண்டா, ஆண்டா என்பதை ஓரத்தில் எழுதுங்கள். பிறகு ஒரு திகதியைத் தெரிவுசெய்து, மேலே உள்ளவற்றின் பெறுமதியும் கீழே உள்ளவற்றின் பெறுமதியும் அன்று சமம் என்று சமன்பாடு எழுதுங்கள். பரீட்சையில் விடை பிழைத்தாலும் இந்தச் சமன்பாட்டுக்குப் புள்ளி கிடைக்க வாய்ப்புண்டு.

அடுத்தது, வட்டி வீதத்தின் காலமும் கோட்டின் அலகும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பது. மிக அதிகமானோர் சறுக்குவது இங்கேதான். ‘ஆண்டுக்கு 12%, மாதந்தோறும் கூட்டப்படும்’ என்றால் மாதத்துக்கு 1%. ஆண்டு முடிவில் உண்மையில் சேர்வது 12.68%. ‘ஆண்டுப் பயனுறு வீதம் 12%’, அதாவது ஆண்டு முடிவில் உண்மையில் சேர்வதே 12% என்றால் 12ஆல் வகுக்கக் கூடாது. 1.12இன் 12ஆம் மூலத்தை எடுத்து 1ஐக் கழிக்க வேண்டும், மாதத்துக்கு 0.9489% வரும். கேள்வித்தாளில் வீதத்துக்கு அருகே உள்ள சொற்களின் கீழ் கோடு போட்ட பிறகே கணிகருவியை எடுங்கள்.

சாதாரண தரத்தில் படித்த ‘மாத அலகு’ முறை நினைவிருக்கும். அதையே பாலமாக வைத்துக்கொள்ளலாம். ரூ. 12,000 கடன், ஆண்டு வட்டி 24%, 12 மாதத் தவணை என்று வையுங்கள். மாத அலகுகள் 12 × 13 ÷ 2 = 78. ஓர் அலகுக்கு வட்டி 1,000 × 2% = ரூ. 20. மொத்த வட்டி ரூ. 1,560, தவணை ரூ. 1,130.

இதையே பல்கலைக்கழக முறையில் செய்தால், மாதமுடிவில் ரூ. 1 வீதம் 12 தவணைகளின் இன்றைய பெறுமதி (1 − 1.02⁻¹²) ÷ 0.02 = 10.57534. இது பெருக்கல் விருத்தியின் கூட்டுத்தொகையே; புதிதாக எதுவும் இல்லை. 12,000ஐ இதனால் வகுத்தால் தவணை ரூ. 1,134.72.

ஏன் ரூ. 4.72 கூடியது? மாத அலகு முறை, கடன் தொகையில் (அதாவது ‘முதல்’) மாதாமாதம் சரியாக ரூ. 1,000 குறைகிறது என்று எடுத்துக்கொள்கிறது. சமதவணையில் அப்படி நடப்பதில்லை. முதல் மாத வட்டி ரூ. 240, தவணையில் ரூ. 894.72 மட்டுமே முதலுக்குப் போகிறது, மீதி ரூ. 11,105.28. இரண்டாம் மாத வட்டி ரூ. 222.11, மீதி ரூ. 10,192.67. ஆரம்ப மாதங்களில் மீதி மெதுவாகக் குறைவதால் வட்டி சற்று ஏறுகிறது. இந்த அட்டவணையின் 12 வரிகளையும் ஒரு தடவையாவது கையால் எழுதுங்கள். கடைசி மீதி சில சதங்களுக்குள் பூச்சியமாகாவிட்டால் எங்கோ பிழை இருக்கிறது. அதன்பின் எக்செல்லில் செய்யலாம். முதலிலேயே எக்செல்லுக்குப் போனால் முதலும் வட்டியும் பிரியும் விதம் மனதில் பதியாது.

இப்போது அதே கடனை ‘பிளாட் ரேட்’ 24%இல் பாருங்கள். ஹட்டனிலோ பண்டாரவளையிலோ லீசிங், நுண்கடன் பற்றி விசாரித்தால் காதில் விழும் சொல் இது. முழு 12,000க்கும் ஓராண்டு வட்டி ரூ. 2,880, தவணை ரூ. 1,240. உண்மையான மாத வீதத்தைக் காண, ரூ. 1 வீதம் 12 தவணைகளின் இன்றைய பெறுமதி 12,000 ÷ 1,240 = 9.67742 ஆகும் வீதத்தைத் தேட வேண்டும். நேரடிச் சூத்திரம் கிடையாது. கிட்டிய பெறுமானத்திலிருந்து நெருங்க வேண்டும். தொடக்க ஊகத்துக்கு 2% × 2 × 12 ÷ 13 = 3.69%. இது கொஞ்சம் கூட வரும் என்பதால் கீழே இறங்குங்கள். 3.5%இல் 9.66333, 3.4%இல் 9.72044. இரண்டுக்கும் இடையே விகிதப்படி பிரித்தால் 3.475%. ஆண்டுப் பயனுறு வீதம் 50.7%! வீட்டில் யாராவது கடன் பத்திரத்தில் கையெழுத்திடுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். இந்தப் படிப்பால் முதலில் பயன்பெற வேண்டியவர்கள் அவர்கள்தான்.

தொடக்கத்தில் கட்டும் தவணைக்குச் சீட்டை விட நல்ல பயிற்சி இல்லை. 10 பேர், மாதம் ரூ. 10,000, குலுக்கலில் ஒவ்வொரு மாதமும் ஒருவருக்கு ரூ. 100,000. மாத வட்டி 1% என்று வையுங்கள். முதல் கட்டு இன்றே கட்டப்படுவதால் மாதமுடிவுப் பெறுமதியை 1.01ஆல் பெருக்க வேண்டும். அப்படியானால் ஒருவர் கட்டுவதன் இன்றைய பெறுமதி ரூ. 95,660. முதல் சீட்டு எடுத்தவருக்கு ரூ. 4,340 லாபம். கடைசியில் எடுப்பவரின் ஒரு லட்சம் இன்றைக்கு ரூ. 91,434 மட்டுமே, அவருக்கு ரூ. 4,226 நட்டம். ஐந்தாம் ஆளுக்குச் சிறு லாபம், ஆறாம் ஆளுக்குச் சிறு நட்டம். வட்டியில்லாச் சீட்டிலும் வட்டி எங்கே மறைந்திருக்கிறது என்று இதில் தெரியும். சம இடைவெளியில் வரும் தவணைத் தொடரை ஆங்கிலத்தில் ‘அனியூட்டி’ என்பார்கள். ‘அனியூட்டி இம்மீடியட்’டில் முதல் தவணை காலமுடிவில், ‘அனியூட்டி டியூ’வில் தொடக்கத்தில். கோட்டில் 0இல் தவணை குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்தாலே குழப்பம் வராது.

திறைசேரி முறிகளுக்கும், அதாவது அரசு கடன் வாங்க வெளியிடும் பத்திரங்களுக்கும், அதே கோடுதான். முறிக்குக் கிடைக்கும் வட்டியான கூப்பன் அரையாண்டுக்கு ஒருமுறை வருவதால் அலகு மட்டும் 6 மாதமாகிறது. 5 ஆண்டு முறி, 10% கூப்பன், சந்தை வீதமும் 10% என்றால் முகப்பெறுமதி 100க்கு விலை சரியாக 100. 2022 ஏப்ரல் 8 அன்று மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. இந்த முறியின் சந்தை வீதமும் அதே 7 புள்ளிகள் ஏறி 17% ஆனது என்று வைத்து, 8.5%இல் 10 அரையாண்டுகளுக்குக் கணியுங்கள்: கூப்பன்களுக்கு 32.81, முதலுக்கு 44.23, மொத்தம் 77.04. இதைச் செய்துவிட்டு 2 ஆண்டு முறிக்கும் செய்து பாருங்கள். நீண்ட முறி ஏன் அதிகம் விழுகிறது என்பது பிடிபட்டால், ‘டியூரேஷன்’ (வீதம் மாறும்போது முறியின் விலை எவ்வளவு அசையும் என்பதைக் காட்டும் அளவு) விரிவுரை பாதி முடிந்த மாதிரி.

தமிழ்மொழி மூலம் படித்து வந்தவர்களுக்கு ஆங்கில விரிவுரை முதல் செமஸ்டரில் கடினம்தான். ஒரு கொப்பியில் மூன்று நிரல் போடுங்கள்: ஆங்கிலச் சொல், தமிழில் பொருள், கோட்டில் அது எப்படித் தெரியும் என்ற சிறு படம். மூன்றாவது நிரல்தான் பரீட்சையில் கைகொடுக்கும். கேள்வியை மொழிபெயர்க்க நேரம் செலவிடாமல் நேரே படமாக்கப் பழகுங்கள். வர்த்தகப் பிரிவிலிருந்து வந்தவர்கள் மடக்கையையும் பெருக்கல் விருத்தியையும் முதல் இரண்டு வாரத்துக்குள் மீட்டிக்கொள்ளுங்கள். எத்தனை ஆண்டில் பணம் இரட்டிக்கும் என்ற வகைக் கேள்விகள் மடக்கை இல்லாமல் நகராது.

எந்தக் கணிகருவிக்குப் பரீட்சை மண்டபத்தில் அனுமதி என்று தொடக்கத்திலேயே பீடத்தில் கேட்டு, அதே கருவியில் பழகுங்கள். இடைவிடைகளைத் தாளில் சுருக்கி எழுதினாலும் கருவியின் நினைவகத்தில் முழுதாக வைத்திருங்கள். ரூ. 10 லட்சம் கடனில் 10.57534க்குப் பதில் 10.58 என்று போட்டால் தவணை மாதத்துக்கு ஏறக்குறைய ரூ. 42 குறைந்துவிடும். பழைய வினாத்தாள்களைச் செய்யும்போது ஆண்டு வரிசையில் போகாமல் பாடப்பகுதி வாரியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: ஒரு கிழமை கடன் அட்டவணைகள் மட்டும், அடுத்த கிழமை முறிகள் மட்டும். நேரம் வைத்து முழுத்தாள் எழுதுவது அதற்குப் பிறகு.