டிஸ்னி மாரத்தானுக்குப் போகிறீர்களா? பார்க் டிக்கெட்டைக் கடைசியில் எடுங்கள்

ஃப்ளோரிடாவில் வால்ட் டிஸ்னி வேர்ல்ட் என்ற கேளிக்கைப் பூங்கா வளாகத்தில் ஜனவரியில் நடக்கும் மாரத்தான் வார இறுதிக்குத் திட்டம் போடுகிறவர்கள் முதலில் ஓட்ட அட்டவணையைப் பாருங்கள். வியாழன் 5 கி.மீ., வெள்ளி 10 கி.மீ., சனி அரை மாரத்தான், ஞாயிறு முழு மாரத்தான். எல்லாமே விடியற்காலை 5 மணிவாக்கில் தொடங்கிவிடும், அதற்கு இரண்டரை மணிக்கே எழுந்து கிளம்ப வேண்டியிருக்கும் என்பதால் முந்தைய ராத்திரி வாணவேடிக்கை வரை பார்க்கில் நின்றுவிட்டு வருவதெல்லாம் சரிப்படாது. பார்க்கை ஓட்டத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை பதக்கத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நிறையப் பேர் சுற்றுவார்கள், பார்க்கவே அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்.

விமான டிக்கெட் போடும்போது ஒன்றை மறக்காதீர்கள். ஓடும்போது சட்டையில் குத்திக்கொள்ளும் எண் அட்டையை ஓடும் நாளன்று தரமாட்டார்கள், முந்தைய நாளுக்குள் எக்ஸ்போவுக்கு (ஓட்டக்காரர்களுக்காக நடக்கும் கண்காட்சி) நேரில் போய் வாங்கியாக வேண்டும். விமானம் தாமதமானாலும் சமாளிக்கிற மாதிரி ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்வது நல்லது. தங்குவதற்கு, செலவு கொஞ்சம் கூடினாலும் டிஸ்னி விடுதிதான் என் தேர்வு, ஏனென்றால் அந்த நேரத்தில் சாலைகளை அடைத்துவிடுவார்கள், விடுதிப் பேருந்து நேராகத் தொடக்க இடத்துக்கே கொண்டுபோய் விடும்.

அப்புறம், குளிர். ஃப்ளோரிடாதானே என்று மெல்லிய பனியனோடு போய்விடாதீர்கள், சில வருடம் விடியற்காலையில் பல் கிடுகிடுக்கும். வழியில் கழற்றிப் போட்டாலும் மனசு வலிக்காத பழைய ஸ்வெட்டர் ஒன்றைப் போட்டுக்கொண்டு போங்கள்.