பிளைவுட் அறுக்க கைடு ரெயில்: வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எட்டுக்கு நாலு அடி பிளைவுட் ஷீட்டை நீளவாக்கில் அறுக்கும்போது ரம்பம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அது எந்த விளிம்பை ஒட்டி ஓடுகிறதோ அந்த விளிம்பின் கோட்டம் அப்படியே பலகையில் விழும். அதனால் ரம்பம் நேராக ஓட வழிகாட்டும் பட்டையான கைடு ரெயிலைக் கடைசியில் யோசிக்கிற சாமானாக வைக்காதீர்கள்.

அதிகம் பேர் ஏமாறுவது நீளத்தில்தான். பரவலாகக் கிடைப்பது 1400 மி.மீ ரெயில். ஷீட்டின் அகலம் 1220 தானே, 180 மிச்சம் இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் பிளேடு பலகையைத் தொடும் முன்பே ரம்பத்தின் அடித்தட்டு ரெயிலில் நன்றாக உட்கார்ந்திருக்க வேண்டும். வெட்டு முடிந்து பிளேடு வெளியே வரும்வரை இறங்கவும் கூடாது. இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து 180 போதாது. குறுக்கே அறுக்க 1600, நீளவாக்கில் 2440-ஐ அறுக்கக் குறைந்தது 2700, முடிந்தால் 3000 வாங்குங்கள்.

நீள ரெயிலை வண்டியில் கொண்டுபோக முடியாது என்று இரண்டு 1400-ஐ இணைப்பதில் தப்பில்லை. முனைகளை முட்டவைத்து இறுக்குவதுதான் தப்பு. முனை துளி கோணலாக அறுபட்டிருந்தாலும் இணைப்பில் மடிப்பு விழும். ஒரு மி.மீ இடைவெளி விட்டு, நேரான பட்டை ஒன்றை விளிம்போடு ஒட்டிவைத்து, அப்புறம் திருகுங்கள்.

அந்தப் பட்டை நேரா என்று எப்படித் தெரியும்? ஷீட்டின்மேல் வைத்து, விளிம்பை ஒட்டிக் கூரான பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். பட்டையைப் புரட்டாமல் தலைமாற்றித் திருப்பி, அதே விளிம்பு கோட்டின் மறுபக்கத்திலிருந்து தொடும்படி வைத்து இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் சரி. நடுவில் அரை நூல் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒன்று) விலகினால் உண்மையான கோட்டம் கால் நூல். அலமாரிக் கதவுக்கு அதுவே அதிகம்.

ரெயில் விலை கட்டுப்படியாகாதவர்கள் அதற்குப் பதிலாக அலுமினியம் பாக்ஸ் (செவ்வகக் குழாய்) வாங்கலாம், நல்ல வழிதான். ஆனால் மெல்லிய பாக்ஸ் வேண்டாம். இரண்டு முனையிலும் கிளாம்ப் போட்டு ரம்பத்தை ஒட்டித் தள்ளும்போது நடுவில் வளைந்து கொடுக்கும். உயரமான பாக்ஸ் என்றால் ரம்பத்தை இறக்கியதும் மோட்டார் அதில் இடிக்கும். அடித்தட்டின் ஓரத்திலிருந்து பிளேடு வரையான தூரத்துக்குத்தான் பாக்ஸை வெட்டுக்கோட்டிலிருந்து தள்ளி வைக்க வேண்டும்; அது இடது, வலது இரண்டு பக்கமும் வேறு. பிளேடு மாற்றினால் திரும்ப அளந்துகொள்ளுங்கள்.

டிராக் சா (ரெயில்மேலேயே ஓடும்படி செய்த ரம்பம்) வைத்திருப்பவர்கள் எந்த ரெயிலும் பொருந்தும் என்று நினைக்கிறார்கள். ஃபெஸ்டூல், மகிட்டா கம்பெனி ரம்பங்கள் ஒன்றின் ரெயிலில் மற்றொன்று ஓடும். ஆனால் சாய்த்து அறுக்கும்போது ரம்பம் கவிழாமல் பிடிக்கும் மகிட்டாவின் பூட்டு ஃபெஸ்டூல் ரெயிலில் மாட்டாது. டிவால்ட் ரெயிலின் அமைப்பே தனி. பழைய ரெயில் வாங்கினால் ஓர ரப்பர் பட்டையையும் பாருங்கள். அது முதல் ஓட்டத்தில் முன்பு வைத்திருந்தவரின் ரம்பத்தின் பிளேடுக்கு ஏற்ப அறுபட்டது. உங்கள் பிளேடு அதே இடத்தில் ஓடாவிட்டால் மைக்கா சில்லுசில்லாகப் பெயரும். புதுப் பட்டை ஒட்ட வேண்டியதுதான்.

மார்பிள் கட்டரில் மர பிளேடு மாட்டி ரெயிலோடு ஓட்டுவதை நம் ஊரில் நிறையப் பார்க்கிறோம். தயவுசெய்து செய்யாதீர்கள். அதில் பிளேடை மூடும் ஸ்பிரிங் கார்டு கிடையாது. நிமிடத்துக்கு 12,000 சுற்று அளவில் சுற்றும் பல் பிளேடு எகிறினால் விரலும் தொடையும்தான் எதிரில் இருக்கும். 7 அங்குல சர்குலர் சா வாங்குங்கள், ரெயிலை அதற்கேற்பத் தேர்ந்தெடுங்கள்.

ரெயிலை எப்போதும் வேண்டிய துண்டின்மேல் வையுங்கள். அடியில் முழு ஷீட்டையும் தாங்கும்படி தெர்மாகோல் பலகை போட்டு, பிளேடை ஷீட்டைவிட 5 மி.மீ மட்டும் கீழே இறக்குங்கள். வெட்டும் இடத்தில் ஷீட் கீழே தொய்ந்தால் வெட்டு இறுகிப் பிளேடைக் கவ்வும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ரெயிலானாலும் அப்போது ரம்பம் உங்களை நோக்கித்தான் உதைக்கும்.