ஏ.ஆர்.டி. மாத்திரையும் நெஞ்செரிச்சல் மருந்தும்

எச்.ஐ.வி.க்கான மருந்துச் சிகிச்சையான ஏ.ஆர்.டி.யில் தரப்படும், மூன்று மருந்துகள் சேர்ந்த டி.எல்.டி. மாத்திரையைத் தொடங்கிய முதல் சில வாரங்களில் குமட்டல், வயிற்றுப் பொருமல், இளகிய மலம் ஆகியவை சிலருக்கு வரக்கூடும். பெரும்பாலும் அவை தாமாகவே அடங்கிவிடும் என்பதால், அதற்காக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் மிளகும் வரமிளகாயும் கல்பாசியும் அரைத்துவிட்டு வைக்கும் குழம்பை அந்நாட்களில் சற்று ஒதுக்கிவைத்து, இடியாப்பமோ குழைந்த மோர்ச்சோறோ சாப்பிட்டபின் மாத்திரையைப் போட்டுக்கொண்டால் குமட்டல் குறையும்.

பலரும் கவனிக்காமல் விடுவது வேறொன்று. விருந்துண்ட நெஞ்செரிச்சலுக்கு மருந்துக்கடையில் வாங்கிக் குடிக்கும் ஆன்டாசிட் திரவத்திலுள்ள அலுமினியமும் மெக்னீசியமும், டி.எல்.டி.யில் அடங்கிய டொலுடெகிராவிர் என்ற மருந்தைக் குடலிலேயே பற்றிக்கொண்டு, அது இரத்தத்தில் போதிய அளவு சேரவிடாமல் தடுக்கின்றன. ஆகவே ஆன்டாசிட் குடிப்பதற்கு 2 மணி நேரம் முன்போ, குடித்து 6 மணி நேரம் கழித்தோதான் மாத்திரையைப் போட வேண்டும். (இரும்பு, கால்சியம் மாத்திரைகளை உணவோடு என்றால் சேர்த்தே விழுங்கலாம், வெறும் வயிற்றில் என்றால் இதே இடைவெளி வேண்டும்.)

வயிற்றுப்போக்கு இருந்தால் 1 லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைக் கரைசல்) பொட்டலத்தை முழுவதுமாக 1 லிட்டர் தண்ணீரில் கரைத்துக் குடிக்கலாம். மலத்தில் இரத்தம், காய்ச்சல், கண் மஞ்சளாதல், மாத்திரையே தங்காத வாந்தி ஆகியவற்றில் எது கண்டாலும், அடுத்த மாத்திரை வாங்கும் தேதிவரை காத்திராமல் அன்றே ஏ.ஆர்.டி. மையத்துக்குச் செல்ல வேண்டும்.