போனை அளந்துவிட்டுப் பிள்ளையை அளந்ததாக நினைக்காதீர்கள்

பிள்ளைகளும் செல்போனும் என்று தலைப்பு வாங்கிக்கொண்டு நீலகிரி மாவட்டத்துக் கோத்தகிரிப் பக்கம் ஆய்வுக்கு வரும் மாணவர்கள் பலர், கையில் கேள்வித்தாளோடுதான் பஸ்ஸைவிட்டு இறங்குகிறார்கள். எதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற யோசனை அதற்கு அப்புறம்தான் வருகிறது. நானும் அப்படி இறங்கியவன்தான்.

எங்கள் முதல் கேள்வித்தாளில் “நீ இணையத்தைப் பயன்படுத்துகிறாயா?” என்று ஒரு கேள்வி. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் ‘இல்லை’ என்று டிக் அடித்தான். வெளியே வந்ததும் யூடியூபில் பார்த்த மீன்பிடி வீடியோ பற்றிக் கால் மணி நேரம் பேசினான். அவனுக்கு அது ‘நெட்’. இணையம் என்பது பாடப் புத்தகத்தில் இருக்கும் ஏதோ ஒன்று. வீட்டில் படுகர்களின் மொழியான படுகு பேசும் பிள்ளைகளுக்கு நம் எழுத்துத் தமிழ் இன்னும் தூரம். அச்சடிக்கும் முன் நாலைந்து பிள்ளைகளிடம் கேள்வியை வாசித்துக் காட்டி, என்ன கேட்டிருக்கிறது என்று அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள்.

டீச்சர் பக்கத்தில் நிற்கும்போது கேட்டதும் எங்கள் தவறுதான். வகுப்பறையில் எந்தத் தாளும் பரீட்சைத் தாள்தான். பெரியவர் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும் என்பது பிள்ளைகளின் நினைப்பு. 1980இல் ஹியூஸ், கிரீவ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சின்னப் பிள்ளைகளிடம் “பால் தண்ணீரைவிடப் பெரிதா?” என்று கேட்டுப் பார்த்தார்கள். அதற்கும் பெரும்பாலான பிள்ளைகள் பதில் சொன்னார்கள்! ஐந்து, ஆறு வயதென்றால் கேள்வியே வேண்டாம். போனைக் கையில் கொடுத்து, “நீ எப்படிப் பார்ப்பே, காட்டு” என்றால் போதும்.

“ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்?” என்ற கேள்விதான் எல்லாவற்றிலும் மோசம். பெரியவர்களே இதற்குச் சரியாகச் சொல்வதில்லை. ஆட்கள் வாயால் சொன்ன கணக்கையும் கருவியே பதிந்துவைத்த கணக்கையும் ஒப்பிட்ட பல ஆய்வுகளை 2021இல் தொகுத்துப் பார்த்தபோது, இரண்டும் அவ்வளவாக ஒத்துப்போகவில்லை. சரி, போனில் இருக்கும் கணக்கையே எடுத்துவிடலாமா? தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீட்டில் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பாருங்கள். அம்மா கொழுந்து எடுத்துவிட்டு வந்த பிறகுதான் போன் வீட்டுக்கு வருகிறது. முதலில் அக்காவின் வீட்டுப்பாடம், அப்புறம் பாட்டியின் சீரியல், நடுவில் தம்பிக்குச் சோறு ஊட்டக் கார்ட்டூன். போன் ஐந்து மணி நேரம் என்கிறது. யாருடைய ஐந்து மணி நேரம்? வளைவு ரோட்டில் சிக்னல் கிடைக்கும் இடத்தில் டவுன்லோடு செய்து, வீட்டில் நெட் இல்லாமல் பார்ப்பவர்களும் உண்டு. டேட்டா செலவானது ஒரு நேரம், பார்த்தது வேறு நேரம். அதனால் டேட்டா கணக்கை வைத்தும் பார்த்த நேரத்தைச் சொல்ல முடியாது.

இதற்கு நாங்கள் கண்ட வழி ஒரு சாதாரண நோட்டுதான். யார் கையில், என்ன பார்த்தார்கள், பக்கத்தில் யார் என்று மூன்று கட்டம். பள்ளி நாள் இரண்டு, விடுமுறை நாள் ஒன்று. பத்து வீட்டில் இப்படி எழுதியது, இருநூறு கேள்வித்தாளைவிட அதிகம் சொன்னது. மாவட்டம் முழுக்க எத்தனை பேர் என்ற கேள்விக்கு மட்டும் இது உதவாது. அதற்குக் கேள்வித்தாள்தான் வேண்டும்.

காலத்தையும் பாருங்கள். கூடலூரில் ஜூலை மழையில் எடுத்த கணக்கையும் கோத்தகிரியில் ஏப்ரல் வெயிலில் எடுத்ததையும் பக்கத்தில் வைத்தால், நீங்கள் ஒப்பிடுவது மழையைத்தான். அதேபோல, ஒருமுறை மட்டும் கேட்டுவிட்டு ‘போனால் தூக்கம் கெடுகிறது’ என்று எழுதாதீர்கள். தூக்கம் வராததால் போனை எடுத்திருக்கலாமே.

கடைசியாகச் சம்மதம். ஹெட்மாஸ்டர் சரி என்றால் போதாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்) 2017 வழிகாட்டுதல்படி பெற்றோர் சம்மதத்தோடு, 7 முதல் 12 வயதுவரை பிள்ளையின் வாய்மொழி இசைவும் அதற்கு மேல் எழுத்து இசைவும் வேண்டும். பேச்சுவாக்கில் ஒரு பிள்ளை, போனில் யாரோ தப்பான படம் அனுப்பச் சொன்னதாகச் சொல்லிவிட்டால், பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்கும் 2012 போக்சோ சட்டப்படி நீங்கள் போலீசில் சொல்லியே ஆக வேண்டும். அதனால் “யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று முதலிலேயே சத்தியம் செய்து வைக்காதீர்கள்.