கள்ளியின்ரை கதை எழுதப்போறீங்களோ, முதல்ல கொப்பியைக் குடுங்கோ

பொம்பிளைக் குற்றவாளியை வைச்சுத் திகில் தொடர் எழுதோணும், கடைசியில "பிள்ளையள் கவனம்" எண்ட புத்திமதியும் இருக்கோணும் எண்டால், கத்தி நஞ்சு எல்லாத்தையும் பேந்து பாப்பம். அவவின்ரை கையில ஒரு சீட்டுக் கொப்பி குடுங்கோ. யாழ்ப்பாணத்தில ஒழுங்கைக்கு ஒரு அக்கா சீட்டுப் பிடிப்பா, சனம் வங்கியை விட அவவைத்தான் நம்பும்.

20 பேர், ஆளுக்கு 10000, மாசம் 2 லட்சம். மகனை வெளியில அனுப்பக் காசு காணாமல், இல்லாத ஒருத்தியின்ரை பேரைக் கொப்பியில சேர்த்து அந்தச் சீட்டைத் தானே எடுக்கிறா. அதே நீலப் பேனைதான், எழுத்தை மட்டும் கொஞ்சம் சரிச்சு எழுதுறா. இந்த இடத்தில ரெண்டு பக்கத்துக்கு நிண்டு எழுதுங்கோ, வாசிக்கிற ஆள் "அட தப்பிடோணும்" எண்டு நினைக்கோணும், அப்பிடி நினைக்காட்டி பிறகு நீங்கள் என்ன புத்தி சொன்னாலும் ஏறாது.

பேந்து அந்த இல்லாதவளுக்கும் மாசாமாசம் 10000 கட்டோணுமே. கனடாவுக்குப் போன மாமி நம்பி வைச்சிட்டுப் போன 11 பவுண் பதக்கஞ்சங்கிலி அடகுக்குப் போகுது, அலுமாரியில கவரிங் ஒண்டு இருக்குது. மாமி நல்லூர்த் தேருக்கு வந்து நிக்கிறா. 25 நாள் திருவிழாவில தேர் 24ஆம் நாள், உங்கடை கதைக்கு மணிக்கூடே அதுதான். சங்கிலியைக் கையில வாங்கின உடனை மாமிக்குப் பாரம் காணாது. அந்த அலுமாரி அறைக்குள்ளயே அக்கா மாமியைக் கொல்லுறா, அதை நாலு வரியில முடியுங்கோ, ரத்தத்தை வாளியில அள்ளி ஊத்தாதேங்கோ.

குண்டலகேசியும் புருஷனை மலையில இருந்து தள்ளினவள்தானே, ஆனால் அவன் தன்னைத் தள்ளத்தான் கூட்டிக்கொண்டு வந்தவன் எண்டு தெரிஞ்சபடியால ஒருத்தரும் அவளைத் திட்டிறேல்லை. காரணம் முந்தி வரோணும். உடுப்பு, லிப்ஸ்டிக், ஃபோன் கதைக்கிறதெல்லாம் காரணமில்லை, அது சும்மா பொம்பிளையளைப் பேசிறது.

கடைசியில தூக்குமரம் வேண்டாம். கொலைக்கு மரண தண்டனை எண்டு தீர்ப்பு வரும்தான், ஆனால் இலங்கையில 1976க்குப் பிறகு ஒருத்தரையும் தூக்கில போடேல்லை. விளக்கமறியல், வழக்குத் தவணை, பிறகும் தவணை, மகன் ஃபோன் எடுக்கிறதை நிப்பாட்டிறது, அதை எழுதுங்கோ.

உண்மையில நடந்ததை எடுத்தால் ஊரையும் தொழிலையும் மாத்துங்கோ. நான் ஒருக்கா முழுக்கக் கற்பனையிலதான் எழுதினனான், அப்பிடியிருந்தும் ஒரு மாமி ஒரு வருசமா எங்கடை படலைக்குள்ள கால் வைக்கேல்லை. அவவும் சீட்டுப் பிடிக்கிறவ.