கிராமத்துச் சாட்சியைக் கூண்டில் ஏற்றுவதற்கு முன்

அரசு வழக்கறிஞராகப் புதிதாகப் பொறுப்பேற்றவர்கள் என்னிடம் சட்டப் பிரிவுகளைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். 2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறைக்கு வந்து பழைய பிரிவு எண்கள் மாறிவிட்டதால் அந்தத் தடுமாற்றம் இயல்பானதுதான். எண்ணைப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளலாம். சாட்சியைப் படிக்கத்தான் புத்தகம் கிடையாது. நான் கோவில்பட்டிப் பக்கம் கரிசல் கிராமத்தில் பிறந்து, பருத்திக் காட்டில் களையெடுத்து வளர்ந்தவள். பிறகு அமர்வு நீதிமன்றத்தில் அரசுத் தரப்புக்காக நின்றேன். அந்த இரண்டு அனுபவமும் சேர்ந்து கற்றுக்கொடுத்ததை எழுதுகிறேன்.

வழக்குக் கட்டு கைக்கு வந்ததும் சம்பவ இடத்துக்குப் போய் வாருங்கள். சம்பவ இடத்தைப் பார்த்துக் காவல் துறை எழுதிய பார்வை மகஜரும் வரைந்த மாதிரி வரைபடமும் கையில் இருக்கட்டும். தெருவிளக்கு எந்தக் கம்பத்தில் இருக்கிறது, இடையில் கருவேலமரம் மறைக்கிறதா என்று நின்று பாருங்கள். நிலா வெளிச்சத்தில் பார்த்ததாக வாக்குமூலம் இருந்தால் அந்தத் தேதிக்குப் பஞ்சாங்கத்தைப் புரட்டுங்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதைப் பார்க்காமல் வரமாட்டார். காட்டில் நடந்த சம்பவம் என்றால் அன்றைக்கு என்ன வெள்ளாமை நின்றது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஐப்பசி மழைக்கு விதைத்த சோளம் மார்கழி, தை மாதங்களில் ஆள் உயரம் நிற்கும். நீங்கள் சித்திரையில் போய்ப் பார்த்தால் வெட்டவெளியாகத் தெரியும்.

அடுத்து சாட்சியைச் சந்திப்பது. அழைத்து வந்த காவலரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, சாட்சியை நாற்காலியில் உட்கார வையுங்கள். என் தாயார் தாலுகா அலுவலகத்துக்குப் போனால் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார். அந்தப் பயத்தோடுதான் பலரும் நீதிமன்றப் படியேறுகிறார்கள். நீதிபதி எங்கே அமர்ந்திருப்பார், யார் முதலில் கேள்வி கேட்பார், யார் அடுத்து எழுந்து மடக்குவார் என்பதைச் சொல்லுங்கள். முடிந்தால் காலியாக இருக்கும் நீதிமன்ற அறையையே காட்டுங்கள்.

என்ன சொல்ல வேண்டும் என்று மட்டும் சொல்லிக் கொடுத்துவிடாதீர்கள். “என்ன நடந்தது, சொல்லுங்கள்” என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். முதல் விசாரணையில், அதாவது நம் சாட்சியை நாமே கேள்வி கேட்கும் கட்டத்தில், பதிலைக் கேள்விக்குள் வைத்துக் கேட்கச் சட்டம் இடம் தருவதில்லை. எனவே இந்தப் பழக்கம் கூண்டிலும் உதவும். சாட்சி சொல்வதில் எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, சாதகமானது எதுவும் வந்தால் அதையும் மறைக்கக் கூடாது. எப்படியாவது தண்டனை வாங்கிவிட வேண்டும் என்ற வெறி அரசு வழக்கறிஞருக்கு ஆகாது என்று 1999-இல் சிவகுமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

நேரமும் தூரமும்தான் கிராமத்துச் சாட்சியைக் கவிழ்க்கின்றன. காவல் துறை வாக்குமூலத்தில் எல்லாச் சாட்சிகளுக்கும் ‘மாலை 6.15 மணியளவில்’ என்றே இருக்கும். ஆடு மேய்த்துத் திரும்பும் ஒரு பாட்டிக்கு 6.15 என்பது எதையும் குறிக்காது. மணி கேட்காமல், அப்போது அவர் என்ன வேலையில் இருந்தார் என்று கேளுங்கள். ஆடு பட்டியில் அடைந்துவிட்டதா, சாயங்கால பஸ் ஊருக்குள் வந்துவிட்டதா என்று பிடித்தால் நேரம் தானாக வந்து நிற்கும்.

தூரத்துக்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன். வெட்டு நடந்ததைக் கண்ணால் பார்த்தவர் ஒரு மூதாட்டி. குறுக்கு விசாரணையில், “நூறு அடி இருக்குமா?” என்றார் எதிர்த்தரப்பு வழக்கறிஞர். “இருக்கும் ஐயா.” “ஐந்நூறு அடி?” “இருக்கும் ஐயா.” “ஆயிரம்?” அதற்கும் அதே பதில். படித்தவர் ஒருவர் எண்ணைச் சொல்லும்போது மறுத்துப் பேசுவது மரியாதை இல்லை என்று நினைத்திருக்கிறார். குறுக்கு விசாரணை முடிந்து நான் மீண்டும் கேள்வி கேட்கும் மறு விசாரணையில் எண்ணையே எடுக்கவில்லை. “நீங்கள் இப்போது நிற்கும் இடத்தில்தான் அன்றைக்கும் நின்றீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெட்டியவர் எங்கே நின்றார்?” என்றேன். அவர் திரும்பி, திறந்திருந்த கதவு வழியாக வளாகத்து வேப்பமரத்தைக் காட்டினார். அதற்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்று நீதிபதி கேட்டதும், “இந்தப் பக்கம், வேர் தெரிகிறதே அந்த இடம்” என்றார், ஒரு நொடியும் தயங்காமல். நீதிபதி தூரத்தைக் கணித்துச் சாட்சியத்தில் பதிவு செய்தார். அதற்குப் பிறகு, முதல் விசாரணையிலேயே தூரத்தைக் கையால் காட்டச் சொல்வதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

குறுக்கு விசாரணையில் தவறாமல் வரும் ஒரு கேள்விக்குச் சாட்சியைத் தயார் செய்யுங்கள்: “இங்கே வருவதற்கு முன் அரசு வழக்கறிஞரிடம் பேசினீர்களா?” பேசியது குற்றமோ என்று பயந்து, பலர் இல்லை என்று சொல்லிவிடுகிறார்கள். அந்த ஒரு பொய் மீதி உண்மையையெல்லாம் சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிடும். பேசினேன் என்று தாராளமாகச் சொல்லலாம் என முன்பே சொல்லிவிடுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும் அவருக்கு உரிமை உண்டு.

முன்பு சொன்னதைக் கூண்டில் மாற்றிச் சொல்பவரைப் பிறழ் சாட்சி என்று எழுதி வாங்குவதற்கு முன், அவர் ஏன் பிறழ்கிறார் என்று யோசியுங்கள். எதிரியின் நிலத்தைக் குத்தகைக்கு உழுகிறாரா? அவருடைய பம்புசெட்டில் தண்ணீர் வாங்குகிறாரா? மிரட்டல் இருந்தால், 2018-இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் நடைமுறைப்படுத்தச் சொன்ன சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தின்கீழ் மனுச் செய்யலாம். மாவட்ட நீதிபதி தலைமையிலான குழு அதை முடிவு செய்யும். அதையும் மீறிப் பிறழ்ந்தால், நீதிமன்ற அனுமதியோடு உங்கள் சாட்சியையே குறுக்கு விசாரணை செய்யுங்கள். பிறழ்ந்தவரின் சாட்சியம் முழுவதும் குப்பைக்குப் போவதில்லை. நம்பத்தக்க பகுதியை நீதிமன்றம் ஏற்கும்.

முதல் விசாரணையும் குறுக்கு விசாரணையும் ஒரே நாளில் முடிய வேண்டும் என்று விடாமல் கேளுங்கள். 2015-இல் வினோத்குமார் வழக்கில், முதல் விசாரணைக்கு இருபது மாதம் கழித்து நடந்த குறுக்கு விசாரணையில் சாட்சி பிறழ்ந்ததை உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. வாய்தா கேட்டு மனு வந்தால் அந்தத் தீர்ப்பைக் காட்டி எதிர்ப்புத் தெரிவியுங்கள்.

தட்டச்சு செய்த சாட்சியத்தை வாசித்துக் காட்டும்போது சாட்சி களைத்துப்போய்த் தலையை ஆட்டுவார். ஒவ்வொரு வரியாகக் கவனிக்கச் சொல்லுங்கள். தவறு இருந்தால் அங்கேயே நீதிபதியிடம் சொல்லலாம். ஒரு நாள் கூலியை இழந்து வந்தவர் என்பதால், சாட்சிக்குத் தரும் படித்தொகைக்கு உரிய தாளில் அவர் கையெழுத்தோ கைநாட்டோ வைத்துவிட்டாரா என்று பாருங்கள். ஊருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று காலையிலேயே கேட்டு, அதை நீதிபதியின் கவனத்துக்குக் கொண்டுபோய், அந்தச் சாட்சியின் வழக்கை முதலில் அழைக்கச் செய்யுங்கள்.