ஒன்ராறியோவில் முதல் வீடு: ஏஜென்ட் வேண்டுமா, வேண்டாமா?

கனடாவுக்கு வந்து நிரந்தர வதிவுரிமை கிடைத்து, வீட்டில் இரண்டு பேரும் வேலைக்குப் போகத் தொடங்கி, ஸ்காபரோவிலோ பிராம்ப்டனிலோ பேஸ்மென்ட்டுக்கு வாடகை கட்டிக் களைத்த பிறகு எல்லாருக்கும் வருகிற யோசனை சொந்த வீடுதான். அந்தக் கதையை எடுத்த உடனேயே யாராவது ஒருவர் சொல்லுவார்: "ஒரு ஏஜென்ட்டைப் பிடியுங்கோ, வாங்கிற ஆளுக்கு ஒரு சதமும் செலவில்லை, விக்கிறவர்தான் குடுக்கிறவர்." பல வருடங்களாக இது ஏறக்குறைய சரியாகத்தான் இருந்தது. இப்போது அதை மட்டும் நம்பிக் கையெழுத்து வைத்தால் சில ஆயிரம் டொலர் உங்கள் கையிலிருந்து போகலாம், அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

என் அபிப்பிராயம் இதுதான். முதல் வீடு வாங்குகிறவர், இந்த ஊர் நடைமுறை இன்னும் பிடிபடாதவர், கட்டாயம் ஒரு ஏஜென்ட்டை வைத்துக்கொள்ள வேண்டும். அவர் உங்கள் பக்கத்துக்கு மட்டும் வேலை செய்கிறவராக இருக்க வேண்டும், அவரோடு போடும் ஒப்பந்தத்தை நீங்கள் வடிவாக வாசித்திருக்க வேண்டும். ஏஜென்ட் தேவையே இல்லாத சந்தர்ப்பங்களும் உண்டு, அவற்றுக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் காசு எப்படிப் போகிறது என்று பார்ப்போம். ரொறன்ரோப் பக்கம் வாங்குபவரின் ஏஜென்ட்டுக்கு வழமையாகப் பேசப்படுவது விலையில் 2.5 சதவீதம், அதற்கு மேல் 13 சதவீத எச்எஸ்டி என்ற விற்பனை வரி. 9 லட்சம் டொலர் வீடு என்றால் கொமிஷன் 22,500, வரி 2,925, மொத்தம் 25,425 டொலர். விற்பவர் தன்னுடைய ஏஜென்ட்டோடு பேசி முடித்திருப்பதிலிருந்து இது வருவதால் நீங்கள் தனியாக ஒன்றும் கட்டுவதில்லை. ஆனால் வீட்டு விலைக்குள் அது அடங்கித்தான் இருக்கிறது, அந்த விலைக்கு மோட்கேஜ் எடுத்து 25, 30 வருடம் வட்டியோடு கட்டப் போவது நீங்கள். ஆகவே இலவசம் என்ற நினைப்பை விட்டுவிட்டு, இந்த 25,000 டொலருக்கு இந்த ஆள் எனக்கு என்ன செய்து தரப் போகிறார் என்று கேட்கப் பழகுங்கள்.

2023 டிசம்பர் 1 முதல் ட்ரெசா என்று சுருக்கமாகச் சொல்லப்படும் புதிய ரியல் எஸ்டேட் சட்டம் ஒன்ராறியோவில் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பிறகு நீங்கள் ஒன்றில் ஒரு புரோக்கரேஜின் (ஏஜென்ட் வேலை செய்யும் நிறுவனத்தின்) கிளையன்ட், இல்லையென்றால் உங்களை நீங்களே பார்த்துக்கொள்கிற ஆள். முன்பு இருந்த 'கஸ்டமர்' என்ற இடைப்பட்ட நிலை இப்போது இல்லை. கிளையன்ட் என்றால் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். அதற்கு முன்பு, ரெக்கோ என்கிற ஒன்ராறியோ ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை அமைப்பு வெளியிடும் வழிகாட்டிக் கையேட்டை ஏஜென்ட் உங்களுக்குத் தந்து விளங்கப்படுத்த வேண்டும் என்பது சட்டம். தராமலேயே வீடு காட்டத் தொடங்கினால் அந்த ஆளைப் பற்றி அப்போதே ஒரு முடிவுக்கு வரலாம்.

நடைமுறையில் என்ன நடக்கிறது என்றால், முதல் வீட்டைப் பார்க்கப் போகிற அன்று, டிரைவ்வேயில் காரின் பொனட் மேல் ஒரு டாப்லட்டை வைத்து, "தம்பி, இதிலை விரலாலை ஒரு சைன் வையுங்கோ, வீடு பாக்கப் போறதெண்டா எல்லாரும் வைக்கிறதுதான், சும்மா ஒரு போர்ம்" என்பார்கள். அது சும்மா போர்ம் இல்லை, வாங்குபவர் பிரதிநிதித்துவ ஒப்பந்தம். அந்த இடத்தில் வைக்காதீர்கள். மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லி, இரவு வீட்டில் இருந்து வாசியுங்கள்.

வாசிக்கும்போது முதலில் கொமிஷன் எவ்வளவு என்று பாருங்கள். அதில் 2.5 என்று இருந்து, நீங்கள் வாங்கும் வீட்டின் விற்பனையாளர் 2 சதவீதம்தான் தருகிறார் என்றால், மீதி அரை சதவீதத்தை உங்களிடம் கேட்க ஏஜென்ட்டுக்கு உரிமை இருக்கிறது. 9 லட்சம் வீட்டில் அது 4,500, எச்எஸ்டியோடு 5,085 டொலர். க்ளோசிங்குக்கு, அதாவது வீடு கைமாறும் நாளுக்கு, பொத்திப் பொத்திச் சேர்த்த காசில் இருந்து இது போகும். 'விற்பவர் தருவது எவ்வளவோ அதுவே போதும், வாங்குபவரிடம் மேலதிகமாகக் கேட்கமாட்டேன்' என்று ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்கள், பலர் எழுதித் தருவார்கள். அடுத்தது காலம். ஆறு மாதத்துக்கு மேல் போட்டால் அதற்குப் பக்கத்தில் தனியாக உங்கள் கையொப்பச் சுருக்கம் (இனிஷியல்) தேவை, அந்த அளவுக்குப் போகவே வேண்டாம், முதலில் ஒரு மாதம் அல்லது இரண்டு மாதம் போட்டுப் பாருங்கள். ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் என்றும் போடலாம். அப்புறம் ஹோல்ட்ஓவர் என்று ஒரு பகுதி இருக்கும்: ஒப்பந்தம் முடிந்த பிறகும் இத்தனை நாளுக்குள், அவர் காட்டிய வீட்டை வேறு வழியில் வாங்கினால் அவருக்குக் கொமிஷன் போகும் என்பது அதன் சாரம். அந்த நாள் எண்ணிக்கையையும் பேசிக் குறைக்கலாம்.

சில ஏஜென்ட்கள் கொமிஷனில் ஒரு பகுதியைத் திருப்பித் தருவார்கள், ஒன்ராறியோவில் இதற்குத் தடை இல்லை. வாய்ப்பேச்சாக விடாமல் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள், உங்கள் லோயருக்கும் சொல்லுங்கள்.

இனி, "ஏன் ஏஜென்ட்? வீட்டு வாசலில் போர்ட்டில் இருக்கிற நம்பருக்கே அடித்து, விற்பவரின் ஏஜென்ட் மூலமே வாங்கினால் மலிவாகக் கிடைக்கும்தானே?" என்கிறவர்களுக்கு. தயவுசெய்து முதல் வீட்டில் இதைச் செய்யாதீர்கள். அந்த ஏஜென்ட் விற்பவருக்கு அதிக விலை எடுத்துக் கொடுக்கக் கடமைப்பட்டவர். நீங்கள் பிரதிநிதி இல்லாமல் போனால், நீங்கள் வாய்விட்டுச் சொல்லும் ஒவ்வொன்றும், 'எங்களுக்கு 9 லட்சத்து 30 ஆயிரம் வரைக்கும் வங்கி தந்திருக்கு', 'பிள்ளைக்கு செப்டம்பரில் பள்ளிக்கூடம்' என்பதெல்லாம், விற்பவருக்குப் போகும். போக வேண்டியதும்தான், அது அவருடைய வேலை. இரண்டு பக்கத்துக்கும் அவரே நிற்பதென்றால் இரண்டு பேரும் எழுத்தில் சம்மதிக்க வேண்டும், சம்மதித்த பிறகு விலை பற்றி உங்களுக்கு அவர் ஆலோசனை சொல்ல முடியாது. உங்களுக்கு மிகவும் தேவைப்படுகிற நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருக்கிற ஆளால் என்ன பலன்? அந்த 2.5 சதவீதம் உங்களுக்குக் குறையும் என்றும் நிச்சயமில்லை. விற்பவரோடு அவர் முன்பே போட்ட ஒப்பந்தத்தைப் பொறுத்து முழுக் கொமிஷனும் அவருக்கே போகலாம்.

ஒரு நல்ல ஏஜென்ட் எதில் காசுக்குப் பெறுமதி காட்டுவார்? வீட்டைத் தேடித் தருவதில் இல்லை, அதை ரியல்டர் டாட் சிஏயில் நீங்களே இரவு இரவாகப் பார்ப்பீர்கள். அக்கம்பக்கத்தில் எது என்ன விலைக்குப் போனது என்பதையும் ஹவுஸ்சிக்மா போன்ற செயலியில் இலவசமாகப் பார்க்கலாம். நல்ல ஏஜென்ட் காட்டுவது விளம்பரத்தின் அடியில் சின்னதாக இருக்கிற வரிகளை. 'தனி வாசலோடு பேஸ்மென்ட், மாதம் இவ்வளவு வாடகை வரும்' என்று மேலே பெரிதாக இருக்கும், கீழே 'பேஸ்மென்ட்டின் ரெட்ரோஃபிட் நிலைக்கு விற்பவர் உத்தரவாதம் தரவில்லை' என்று ஒரு வரி இருக்கும். நகரசபையின் அனுமதியோடு கட்டப்பட்ட இரண்டாவது குடியிருப்பா இது என்பதற்கு யாரும் பொறுப்பு ஏற்கவில்லை என்று அர்த்தம். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் அந்த வாடகையை நம்பித்தானே மோட்கேஜ் கணக்கே போடுகிறோம். வங்கி அந்த வருமானத்தைக் கணக்கில் எடுக்குமா, காப்புறுதி நிறுவனம் என்ன சொல்லும், தீயணைப்பு விதிகளுக்குப் பொருந்துகிறதா என்று ஒஃபர் போடுவதற்கு முன்னமே விசாரித்துத் தருகிற ஏஜென்ட் கிடைத்தால் விடாதீர்கள்.

அதேபோல 'ரென்டல் ஐட்டம்ஸ்' என்ற இடம். சுடுதண்ணீர்த் தாங்கி, சில வீடுகளில் ஃபர்னஸும் ஏசியும்கூட மாத வாடகைக்கு எடுத்ததாக இருக்கும், அந்த வாடகை ஒப்பந்தம் வீட்டோடு சேர்த்து உங்கள் தலையில் வரும். ஸ்காபரோவில் 60களின் கடைசியிலும் 70களிலும் கட்டிய வீடுகளில் அலுமினிய வயரிங் இருக்கலாம், காப்புறுதி எடுக்கும்போதுதான் பிரச்சினை தெரியும். அனுபவமுள்ளவர் மின்பெட்டியைத் திறந்து பார்க்கச் சொல்லுவார். வீட்டைப் பரிசோதிக்கும் இன்ஸ்பெக்டரை மட்டும் நீங்களே தேடிப் பிடியுங்கள், லோயரையும் அப்படியே. ஏஜென்ட் காட்டுகிற இன்ஸ்பெக்டர் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் அடுத்த வேலையும் அந்த ஏஜென்ட்டிடம் இருந்துதான் வரும் என்ற எண்ணம் அவருக்கு இருக்கும்.

ஸ்டீல்ஸ் வீதியைப் பற்றியும் ஏஜென்ட் சொல்ல வேண்டும். அதற்குத் தெற்கே ஸ்காபரோ ரொறன்ரோ நகரசபைக்குள், வடக்கே மார்க்கம். ரொறன்ரோவுக்குள் வாங்கினால் மாகாண நில மாற்று வரியோடு நகரசபையின் வரியும் சேரும். 9 லட்சம் வீட்டுக்கு, முதல் வீடு வாங்குபவருக்கான கழிவுகள் போக, ஸ்காபரோவில் 20,475 டொலர் வரும், மார்க்கத்தில் 10,475. ஒரே விலை, ஒரு வீதி இடைவெளி, 10,000 டொலர் வித்தியாசம். இதைக் க்ளோசிங்குக்கு ஒரு கிழமைக்கு முன் லோயரின் வாயால் முதன்முதலாகக் கேட்டுத் தலையில் கைவைத்தவர்கள் நிறையப் பேர்.

ஒஃபர் போடும் இரவுதான் முக்கியமான சோதனை. எத்தனை ஒஃபர் எழுத்தில் வந்திருக்கிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் என்ன போட்டார்கள் என்பதை விற்பவர் விரும்பினால் மட்டும் வெளிப்படுத்தலாம். அந்த நேரத்தில், "இன்னும் ஒரு 20 ஆயிரம் கூட்டிப் போடுங்கோ, கண்டிஷன் எல்லாத்தையும் எடுத்துவிடுங்கோ" என்று அவசரப்படுத்துகிறவரும் உண்டு, "இது உங்களுக்குச் சரிவராது, விடுவம்" என்று சொல்கிறவரும் உண்டு. மோட்கேஜ் கிடைத்தால், இன்ஸ்பெக்ஷன் சரிவந்தால்தான் வாங்குவேன் என்ற கண்டிஷன்கள் இல்லாமல் ஒஃபர் ஏற்கப்பட்டால் பிறகு பின்வாங்க முடியாது, டிபொசிட்டும் போகும், விற்பவர் வழக்கும் போடலாம். ஏற்கனவே ஆட்கள் இருந்து பழகிய வீட்டுக்கு, யோசித்துப் பார்த்து ரத்துச் செய்கிற அவகாசம் சட்டத்தில் இல்லை.

சரி, ஏஜென்ட் எப்போது வேண்டாம்? நீங்கள் வாடகைக்கு இருக்கிற வீட்டையே வீட்டுக்காரர் தருகிறேன் என்றால், அல்லது சொந்தத்துக்குள், தெரிந்த ஆட்களுக்குள் கைமாறுகிறது என்றால் வேண்டாம். இரண்டு பக்கக் கொமிஷனும் மிச்சம், அதை விலையில் பங்கு போட்டுக்கொள்ளலாம். ஆனால் மதிப்பீட்டாளர் ஒருவரை வைத்து விலையைப் பாருங்கள், வாங்கல் விற்றல் ஒப்பந்தத்தை உங்கள் லோயர் எழுதட்டும், விற்பவருக்கு வேறொரு லோயர் இருக்கட்டும், முற்பணம் லோயரின் ட்ரஸ்ட் கணக்கில் (மற்றவர் காசைப் பொறுப்பாக வைத்திருக்கும் தனிக் கணக்கில்) இருக்கட்டும். சொந்தம் என்பதால் கையில் காசு கொடுத்து விட்டு வாய்ப்பேச்சில் நிற்பது இரண்டு குடும்பத்துக்கும் நல்லதல்ல.

கட்டி முடிக்காத கொண்டோ (அடுக்குமாடி வீடு) வேறு கதை. அங்கே ஏஜென்ட்டுக்குக் காசு தருகிறவர் கட்டுமான நிறுவனத்தார், ஆகவே விஐபி விற்பனை, முதல் வரிசை என்று ஹோட்டல் மண்டபத்தில் நடக்கும் கூட்டத்தில் யாருடைய நன்மை பேசப்படுகிறது என்று யோசியுங்கள். விலை ஏறிய காலத்தில் எழுதிக் கையெழுத்து வைத்து, கட்டி முடியும்போது வங்கியின் மதிப்பீடு குறைந்து, வித்தியாசத்தைக் கையில் இருந்து போட முடியாமல் தவித்த குடும்பங்கள் எங்கள் சமூகத்தில் இருக்கின்றன. இதற்கு மட்டும் 10 நாள் அவகாசம் சட்டப்படி உண்டு. அந்த நாட்களுக்குள் முழு ஒப்பந்தத்தையும் லோயரிடம் கொடுங்கள், அந்தச் செலவைப் பார்க்காதீர்கள்.

வேலை அனுமதியிலோ படிப்பு அனுமதியிலோ இருப்பவர்கள் ஏஜென்ட்டுக்கு முன் லோயரிடம் போங்கள். வெளிநாட்டவர் வீடு வாங்குவதற்கான கூட்டாட்சித் தடை 2027 ஜனவரி 1 வரை நீட்டப்பட்டிருக்கிறது, விதிவிலக்குகளும் உண்டு, ஒன்ராறியோவின் 25 சதவீத வரி தனியாக இருக்கிறது.

கடைசியாக, சங்கடமான விஷயம். ஏஜென்ட் என்றால் எங்களுக்குப் பெரும்பாலும் ஒன்றுவிட்ட மச்சானோ, கோயிலில் சந்திக்கிற அண்ணாவோதான். அவர் நல்ல ஆளாகவே இருக்கலாம், தமிழில் விளங்கப்படுத்துவதும் பெரிய உதவி. ஆனால் கொமிஷன் பற்றிக் கதைக்கக் கூச்சமாக இருக்கிற ஆளிடம் ஒப்பந்தம் போடாதீர்கள். "அண்ணா, இன்னும் ரெண்டு பேரோடை கதைச்சுப்போட்டு வாறன்" என்று சொல்வதில் ஒரு குறையும் இல்லை. கடந்த ஒரு வருடத்தில் எத்தனை வாங்குபவர்களுக்கு, எந்தப் பகுதியில் வீடு எடுத்துக் கொடுத்தீர்கள் என்று கேளுங்கள். பகுதிநேரமாகச் செய்பவர் என்றால் ஒஃபர் இரவில் ஷிஃப்ட்டில் நிற்பாரா என்றும் கேளுங்கள்.

யாராக இருந்தாலும் ரெக்கோவின் இணையத்தளத்தில் பெயரைப் போட்டு உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள், ஒரு நிமிட வேலை. ஒஃபர் ஏற்கப்பட்டதும் 24 மணி நேரத்துக்குள் வழமையாக விலையில் 5 சதவீத டிபொசிட் கேட்பார்கள். அது தனிப்பட்ட ஏஜென்ட்டின் பெயருக்கு ஒருபோதும் போகக் கூடாது, விற்பவர் பக்கப் புரோக்கரேஜின் ட்ரஸ்ட் கணக்குக்குத்தான் போக வேண்டும். 2025இல் ஒன்ராறியோவில் ஒரு பெரிய புரோக்கரேஜின் ட்ரஸ்ட் கணக்கிலேயே பல மில்லியன் டொலர் குறைவது தெரியவந்து அது மூடப்பட்டது. ஆகவே டிபொசிட்டுக்கான ரசீதை அன்றைக்கே வாங்கி, அதன் பிரதியை அன்றைக்கே உங்கள் லோயருக்கு அனுப்பிவிடுங்கள்.